துருவும் துருவலும்

‘துரு’ என்னுஞ் சொல் இரும்பைத் தின்னும் கறையைக் குறிக்கும். ‘துருவு’ என்னும் வினையோ சுரண்டுதல், குடைதல், தேடுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே குறிக்கும். தேங்காயைத் துருவுகின்றோம், மறைந்து கிடக்கும் செய்தியைத் துருவித் துருவிக் கேட்கின்றோம். இவ்விரு சொற்களும் ஒரு வேரிலே முளைத்தனவா என்பதைச் சொல்லாராய்ச்சி வல்லார் தீர்த்துக்கொள்வாராக. நாம் எடுத்துக்கொண்ட பொருளில் இரண்டும் அடுத்தடுத்தே வாழ்கின்றன. பழைய துருவல் பொறியொன்றை வீட்டுக் கொட்டகையிலே வைத்துச் செப்பனிட முற்படுபவனுக்கு முதற்பகை துரு. அவன் அடைய விரும்பும் பயன் துருவல்.

‘மில்லிங் மெஷின்’ என ஆங்கிலத்தில் வழங்கும் பொறிக்குத் தமிழ்ப் பாடநூல்கள் இட்ட பெயர் துருவல் பொறி. எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும் ‘மில்’ என்றால் நெல்லுக் குற்றும் ஆலையே எவர் மனத்திலும் தோன்றும். ஆதலால் அவ்வாங்கிலப் பெயரை இங்கு வழங்கினால் வீண் மயக்கமே உண்டாகும். துருவல் பொறி என்ற பெயரின் பொருத்தத்தை அறியப் பாடநூலையும் தேடவேண்டியதில்லை. அடுக்களைக்குச் சென்றாற் போதும்.

அடுக்களையிலே திருவலையின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணை நோக்குக. பல்வைத்த அலகு அசையாது நிற்க, தேங்காய்ப் பாதியைக் கையிலே ஏந்திச் சுழற்றிச் சுழற்றித் துருவுகின்றாள். ஆயுதம் நிற்கிறது, பொருள் சுழல்கிறது. இது கடைசற் பொறியின், அதாவது லேத்தின், நெறி. இனிக் கடைத்தெருவிலே மோட்டார் பூட்டிய தேங்காய்த் துருவியை நோக்குக. பல்வைத்த தலை விரைந்து சுழல்கின்றது. கடைக்காரன் தேங்காயை அதன்மேற் பிடித்து மெல்ல நகர்த்துகின்றான். பொருள் நகர்கிறது, ஆயுதம் சுழல்கிறது. இதுவே துருவல் பொறியின் நெறி. தேங்காய் இருந்த இடத்தில் இரும்பையும், கடைக்காரனின் கை இருந்த இடத்தில் அங்குலத்தின் ஆயிரத்திலொரு கூறளவுக்கு நகரவல்ல மேசையையும் வைத்துவிட்டால், உலகத்துப் பொறித் தொழிலின் பாதியை நாம் விளங்கிக்கொண்டவர்களாவோம். லேத் உருண்டையானவற்றை ஆக்கும். தட்டையானவை, காடி வெட்டியவை, பல்வைத்தவை ஆகிய யாவும் பெரும்பாலும் துருவல் பொறியின் பிள்ளைகளே.

இப்பொறியின் பிறப்பைப் பற்றி நெடுங்காலம் ஒரு கதை வழங்கிற்று. பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் யந்திரத்தாற் புகழ்பெற்ற அமெரிக்கராகிய ஈலை விட்னி 1818ஆம் ஆண்டளவில் இதனைத் தனியொருவராய்ப் படைத்தார் என்பதே அக்கதை. ரொபேட் வுட்பரி என்னும் வரலாற்றாசிரியர் 1960ஆம் ஆண்டில் விட்னியைச் சூழ்ந்த புராணத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன்பின் அக்கதை தளர்ந்துபோயிற்று. சிமியன் நோர்த் முதலியோரின் துப்பாக்கிப் பட்டறைகளிலே பெயர் தெரியாத கைகள் பலவும் சேர்ந்து, அரத்தால் இழைக்கும் வேலையை யந்திரத்திடம் சிறிது சிறிதாக ஒப்படைத்த கதையே உண்மைக்கு அணித்தானது. ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொரு துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டும் என்ற படைத்துறையின் பிடிவாதமே இதற்குத் தூண்டுகோல். மனிதனை மனிதன் கொல்வதற்கென்று எழுந்த அவசரம் பிற்காலத்துத் தையற் பொறிக்கும் மிதிவண்டிக்கும் வழி திறந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1862ஆம் ஆண்டில் ஜோசப் பிறவுண் என்பவர் ஆக்கிய ‘பொதுத் துருவல் பொறி’ இக்கதையின் பெருந் திருப்பம். அதுகாறும் இரும்பிலே துளையிடும் முறுக்குக் கருவியின் சுருட்பள்ளங்களைத் தொழிலாளர் அரத்தைக்கொண்டு கையாலே இழைத்து வந்தனர். ஒரு பள்ளத்தை இழைக்கச் சென்ற காலத்தையும் வலியையும் எண்ணிப் பார்க்க. பிறவுணின் பொறியிலே மேசை நகர நகர, அதன்மீது பூட்டிய உருளையும் கணக்காகத் திரும்பியது; பள்ளம் தானே சுருளாக வெட்டுண்டது. அதன்பின் நேர்ந்த மாற்றங்களை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரிட்ஜ்போட் நகரிலே, சுவீடனிலிருந்து குடியேறிய ருடோல்வ் பனோவும் அவருடைய கூட்டாளியும் ஆக்கிய நிமிர்தலைப் பொறியை மட்டும் குறிப்பிடுவோம். அதன் முதல் வரைபடம் ஒரு கடதாசிப் பையின் மேல் தீட்டப்பட்டதாம். அவ்வமைப்பில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பொறிகள் வெளிவந்தன. இன்று உலகெங்கும் வீட்டுப் பட்டறை வைத்திருப்போர் கனவிலே காண்பதும் பெரும்பாலும் இவ்வகையையே.

வீட்டுப் பட்டறை என்றதும் சிலர் நகைக்கக்கூடும். ஏறத்தாழ ஒரு தொன் எடையுள்ள இரும்பு மலையை வீட்டிலே வைத்து என்செய்வது? இங்கிலாந்திலே இதற்கு ஒரு பெரிய மரபு உண்டு. 1898ஆம் ஆண்டில் பேர்சிவல் மார்ஷல் என்பவர் ‘மொடல் என்ஜினியர்’ என்னும் இதழைத் தொடங்கினார். எழுதுவினைஞரும் ஆசிரியரும் கடைக்காரரும் மாலை வேளைகளிலே தத்தம் வீட்டுப் பின்புறக் கொட்டில்களில் சிறு நீராவி எந்திரங்களை ஆக்கினர். தம் அநுபவங்களை அவ்விதழுக்கு எழுதினர். தொழிற்சாலைகள் கழித்த பழம் பொறிகளை விலைக்கு வாங்கி உயிர்ப்பிக்கும் கலை அவர்களிடையே வளர்ந்தது. பொழுதுபோக்கு என்று அதனைத் தள்ளிவிடலாகாது. ஒரு நாட்டிலே கைத்திறன் எங்கே சேமித்து வைக்கப்படுகிறது என்று கேட்டால், பல வேளைகளில் விடை இத்தகைய கொட்டில்களே.

நம் வாவிக்கரையில் இதற்குத் தேவை வேறு விதமானது; பொழுதுபோக்கைவிடக் கடுமையானது. பெரும்போக அறுவடை மாசி பங்குனியிலே முற்றும்போது கையுழவு யந்திரம் ஒன்றின் அச்சிலே சாவிக்காடி தேய்ந்து பற்சில்லு சும்மா சுழலத் தொடங்கிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். புது அச்சு கொழும்பிலிருந்து வரவேண்டும். வருமா, எப்போது வரும், என்ன விலை என்பன வேறு வினாக்கள். 2020ஆம் ஆண்டு முதற்கொண்டு இறக்குமதிக்கு விழுந்த கட்டுப்பாடுகளையும், 2022இன் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய்க்குக் கூட மீனவர் வரிசையில் நின்ற நாட்களையும் எவரும் மறந்திருக்கமாட்டார். அவ்வேளைகளிலே ஓர் அச்சில் புதிய காடி வெட்டித் தரவல்ல பட்டறை அருகில் இருப்பது சில ஏக்கர் நெல்லைக் காப்பாற்றுவதாகும். அந்தக் காடியை வெட்டுவதோ துருவல் பொறிக்கு அரை மணிநேர வேலை. அரத்தாலும் உளியாலும் வெட்டினாற் பொழுதெல்லாம் செல்லும். அப்படியும் காடியின் பக்கங்கள் நேராய் அமையா. காடி கோணினால் சாவி ஆடும். சாவி ஆடினால் அடுத்த போகத்தில் அதே கதை.

இத்தகைய பொறி ஒன்று பழுதாய்ப் போனால் அதற்கு நேரும் முடிவு யாது? பழைய இரும்பு வாங்குபவனின் தராசு. இரும்பு வியாபாரி எடையை மட்டுமே அறிவான். ஆயிரத்திலொரு அங்குலத் துல்லியமும் அவனுக்குக் கிலோக்கணக்குத்தான். அவனைக் குறைகூறிப் பயனில்லை. விற்பவனும் அவ்வாறே எண்ணியன்றோ விற்கின்றான்? 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நாவலடியையும் கல்லடியையும் விழுங்கிய ஆழிப்பேரலையும், இடையிலே நீண்ட போரும் இப்பகுதியிற் கூரையையும் சுவரையும் மட்டும் அழிக்கவில்லை, கருவிகளையும் அழித்தன. கூரையை மீளப் போட உதவி வந்தது. கருவியைப் பற்றி நினைத்தோர் குறைவு.

பெரிய அளவிலும் இதே வினா எழுந்ததுண்டு. வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1950களில் எழுந்தது. நம் வயல்களின் வைக்கோலே அதற்கு மூலப்பொருளாக இருந்தது. போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் தளர்ந்து, ஈற்றிலே நின்றுபோன அவ்வாலையைப் பழைய பொறிகளோடேயே மீள இயக்கும் முயற்சி 2020களின் தொடக்கத்தில் நடைபெற்றது. பழம் பொறி இரும்புக் குப்பையா, முதலா என்ற கேள்வி ஆலை வாயிலிலும் வீட்டுக் கொட்டகையிலும் ஒன்றே.

ஆகவே, வாவிக்கரையிலே ஒருவர் அத்தகைய பொறியொன்றைத் தராசிலிருந்து மீட்டுத் தம் கொட்டகைக்குக் கொண்டுவந்தார் என்று கொள்வோம். அவர் செய்யவேண்டுவன என்ன?

கழற்றுவது முதல் வேலை என்று எண்ணுவோர் பலர். அன்று, முதல் வேலை பார்ப்பது. பொறியின் அமைப்பை உடம்பின் பெயர்களாற் சொல்வது மரபு. நிமிர்ந்து நிற்பது தூண். அதன் முகத்திலே மேலுங் கீழும் ஏறியிறங்குவது முழங்கால். முழங்காலின்மேல் முன்னும் பின்னும் நகர்வது சேணம். சேணத்தின்மேல் இடமும் வலமும் ஓடுவது மேசை. இவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் பாதைகளிலேதான் பொறியின் ஆயுள் எழுதியிருக்கின்றது. வர்ணம் உதிர்ந்திருந்தாற் கவலையில்லை. மோட்டார் எரிந்திருந்தாலும் கவலையில்லை, வேறொன்று பூட்டலாம். பாதைகள் தேய்ந்திருந்தால் அதுவே கவலை. மேசையைத் தன் பயணத்தின் நடுவிலே நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கவேண்டும்; பின்பு இரு கோடிகளுக்கும் கொண்டுபோய்ச் சுற்றிப் பார்க்கவேண்டும். நடுவில் தளர்ந்தும் கோடிகளில் இறுகியும் இருந்தால் பொறி நெடுநாள் உழைத்தது என்று பொருள். எந்தத் தொழிலாளியும் மேசையின் நடுவிலேயே வேலையைப் பூட்டுவான். ஆதலால் நடுப்பகுதியே முதலில் தேய்கிறது. இதை அறியாது, நடுவில் ஆட்டம் நீங்கட்டும் என்று ஆப்பை இறுக்கினால் கோடிகளில் மேசை அசையாது.

கழற்றும்போது ஸ்பனர்கள் பொருந்தாமல் மயங்குவோர் உண்டு. பழைய ஆங்கிலப் பொறிகளின் திருகாணிகள் பெரும்பாலும் ஜோசப் விற்வர்த் 1841ஆம் ஆண்டில் வகுத்த அளவுமுறையைச் சேர்ந்தவை. அவற்றின் புரியின் கோணம் 55 பாகை. இக்கால மெற்றிக் புரிக்கு 60 பாகை. விற்வர்த் ஸ்பனரிலே பொறித்திருக்கும் எண் தலையின் அகலத்தைக் குறிப்பதன்று, ஆணியின் பருமனைக் குறிப்பது. இதை அறியாமல் அண்ணளவான ஸ்பனரை மாட்டி ஆணித்தலைகளை உருண்டையாக்கியவர் தொகை சிறிதன்று. ஒவ்வோர் உறுப்பையும் கழற்றும் முன் படம் பிடித்துக்கொள்வது நன்று; இன்று எல்லார் கையிலும் படம்பிடிக்கும் தொலைபேசி இருக்கிறது. பழைய வர்ணத்தைக் காய்ந்தபடியே உரோஞ்சுவது ஆகாது. அக்காலத்து வர்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அத்தூள் மூச்சோடு உட்செல்லும். பிள்ளைகள் விளையாடும் முற்றமாயின் மேலும் எச்சரிக்கை வேண்டும்.

இனித் துரு. வாவியின் காற்றிலே உப்பு உண்டு. 1924ஆம் ஆண்டில் எழுந்த கல்லடி இரும்புப் பாலத்தின் மேல் நின்று மீன்பாடும் ஓசைக்குச் செவிசாய்த்தவர்கள், கீழே அந்த இரும்பு உப்புக் காற்றோடு நடத்திய நெடும் போரையும் பார்த்திருப்பர். உப்பிலுள்ள குளோரைட்டு இரும்பின் நுண்துளைகளுக்குள் ஒளிந்துகொள்ளும். மேற்றுருவை எவ்வளவு தேய்த்து நீக்கினாலும் ஒளிந்த குளோரைட்டு ஈரத்தைக் கண்டதும் மீண்டும் வேலையைத் தொடங்கிவிடும். ஆழிப்பேரலையில் நனைந்த யந்திரங்களைத் துடைத்து எண்ணெயிட்டவர்கள், சில மாதங்களில் அவை மறுபடியும் செங்கறையாய்ப் பூத்ததைக் கண்டு திகைத்தது இதனாலேயே.

இதற்கு மின்பகுப்பு நல்ல மருந்து. பள்ளி இரசாயன வகுப்பிலே பயின்ற பாடந்தான். ஒரு பிளாஸ்ரிக் வாளியில் நீர் நிரப்பிச் சலவைச் சோடா இரண்டொரு மேசைக்கரண்டி கரைத்து, துருவேறிய உறுப்பைப் பன்னிரண்டு வோல்ற்று மின்கல ஏற்றியின் எதிர்முனையிலும், கழிவு இரும்புத் தகடொன்றை நேர்முனையிலும் இணைத்து அமிழ்த்திவிட வேண்டும். எதிர்முனையில் நுரை எழும். துரு இளகிக் கருஞ் சேறாகும். நல்ல இரும்பு தீண்டப்படாமல் இருக்கும். குளோரைட்டும் நேர்முனையை நாடி மெல்ல வெளியேறும். கடலடியிலிருந்து எடுத்த பழம் பீரங்கிகளைத் தொல்பொருளாய்வாளர் காப்பதும் இம்முறையாலேயே. அவர்கள் மாதக்கணக்கிற் செய்வதை நாம் நாட்கணக்கிற் செய்கிறோம். ஆனால் மூன்று விலக்குகள் உண்டு. சோடாவுக்குப் பதிலாகக் கறியுப்பை இட்டால் நச்சுக் குளோரின் எழும். நேர்முனையில் துருப்பிடியா உருக்கை வைத்தால் நச்சுக் குரோமியம் நீரிற் கலக்கும். எழும் நுரையோ ஐதரசன் வாயு. ஆதலால் இவ்வேலையை அடைத்த அறையிற் செய்வதும், அருகே சுருட்டுப் பற்றவைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும்.

சுத்தமான இரும்பு வாளியிலிருந்து வெளிவந்த சில நிமிடங்களுக்குள்ளேயே மீண்டும் துருப்பூக்கத் தொடங்கும். ஆதலால் உடனே கழுவி, வெயிலிற் சூடேற உலர்த்தி, பொறியெண்ணெய் பூசவேண்டும். வீட்டிலே கைக்கெட்டும் தேங்காயெண்ணெயைத் தடவுவோர் உண்டு. அது நாளடைவிற் புளித்து இரும்பையே அரிக்கும்.

துருவை நீக்கிவிட்டால் தீர்ந்ததா? வாடைக்காலத்து விடியற் பொழுதுகளில் பொறி தானாகவே வியர்ப்பதைக் காணலாம். இரவிலே குளிர்ந்த கனத்த வார்ப்பிரும்பு காலையில் விரைந்து சூடேறாது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதன்மேற் பட்டதும் நீர் அரும்பும். மூடிவைத்த படங்கின் கீழே ஒரு சிறு மின்விளக்கை எரியவிட்டு, இரும்பைச் சுற்றியுள்ள காற்றினும் சற்று வெதுவெதுப்பாக வைத்திருப்பதே இதற்கு எளிய பரிகாரம். கச்சான் வீசும் மாதங்களில் இத்தொல்லை குறைவு. அப்போது தூசிதான் பகை.

தேய்ந்த பாதைகளைச் செப்பனிடும் கலையைப் பற்றிச் சற்று விரித்தே சொல்லவேண்டும். ஏனெனில் பொறித்தொழில் முழுவதிலும் இதைவிட அழகிய செய்தி வேறில்லை என்பது என் துணிபு. ஒரு பரப்பு தட்டையானதா என்று அறிய மற்றொரு தட்டையான பரப்பு வேண்டும். அது தட்டையானது என்று எப்படி அறிவது? அதற்கு இன்னொன்று வேண்டும். இப்படியே பின்னோக்கிச் சென்றால் உலகத்தின் முதற் தட்டைப் பரப்பு எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடைகூறும் முறையை 1840ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரிற் கூடிய அறிஞர் அவையிலே விற்வர்த் எடுத்துரைத்தார். இரண்டு தகடுகளை எடுத்து ஒன்றுக்கொன்று பொருந்துமாறு சுரண்டினால், ஒன்று குவிந்தும் மற்றது குழிந்தும் இருந்துகொண்டே முற்றும் பொருந்திவிடலாம். மூன்று தகடுகளை எடுத்து, முதலாவதை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும், மூன்றாவதை மீண்டும் முதலாவதோடும் மாறி மாறிப் பொருத்திச் சுரண்டிக்கொண்டே போனால், மூன்றும் தட்டையானாலன்றி எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தா. குவிந்தது ஒன்று இருந்தால் அதற்குப் பொருந்தும் மற்ற இரண்டும் குழிந்திருக்கவேண்டும். குழிந்த இரண்டு தம்முட் பொருந்துவது எங்ஙனம்? எந்த அளவுகோலையும் கடன்வாங்காமல் மூன்று பொய்கள் ஒன்றையொன்று திருத்தி உண்மையாகும் முறை இது. யூக்கிளிட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனையும் வகுப்பிலே சொன்னால் நன்று.

இன்று வீட்டுப் பட்டறையாளன் மூன்று தகடுகளை ஆக்கவேண்டியதில்லை. விலைக்கு வாங்கிய ஒரு கருங்கற் பரப்பே அவனுக்கு அளவு. அதற்கு நீலமை பூசி, பாதையை அதன்மேல் உரசி, நீலம் பட்ட மேடுகளை மட்டும் கைச்சுரண்டியால் சீவவேண்டும். ஒரு சுரண்டலில் நீங்குவது தலைமயிரின் தடிப்பிலே ஒரு சிறு பங்கு. மறுபடி மை; மறுபடி உரசல்; மறுபடி சுரண்டல். ஒரு மேசைப் பாதைக்கு இவ்வாறு பல மாலைகள் செல்லும். பொறுமையற்றவன் மின்சாணைக்கல்லை எடுப்பான். எடுத்த அன்றே பொறி பாழ். நல்ல வார்ப்பிரும்பு, நுண்ணிய காரீயச் செதில்கள் உள்ளே விரவியிருப்பதால், சுரண்டுவதற்கு இணங்கும். தன் அதிர்வைத் தானே விழுங்கும். முற்காலத்து வார்ப்பாலைகளிலே வார்ப்புகளை மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடத்தி, உள்ளிறுக்கம் தளர்ந்தபின்பே வேலைக்கு எடுத்தார்கள். அவ்வாறு ஆறிய இரும்பு பின்னாளிற் கோணுவதில்லை. பழம் பொறியை நாடுவதற்கு விலைக்குறைவு மட்டுமே காரணமன்று என்பதை இதனாலும் அறியலாம்.

மின்சாரமும் ஒரு தடை. தொழிற்சாலைப் பொறிகளின் மோட்டார் மும்முனை மின்னைக் கேட்கும். வீட்டுக்கு வருவதோ ஒருமுனை. அலைவெண் மாற்றி என்னும் சிறு பெட்டி இக்காலத்தில் அத்தடையை நீக்கிவிட்டது; வேகத்தையும் ஒரு குமிழாற் கூட்டிக் குறைக்கலாம்.

பொறி ஓடத் தொடங்கியதும் கற்கவேண்டிய முதற்பாடம் திசை பற்றியது. பற்கள் வரும் திசைக்கு எதிராக வேலையை ஊட்டுவது ஒரு முறை; அவை போகும் திசையோடேயே ஊட்டுவது மற்றொரு முறை. பின்னது பளபளப்பாக வெட்டும் என்று நூல்கள் கூறும். ஆனால் பழம் பொறியின் நகர்த்து திருகாணியிலே தேய்மானத்தால் வெற்றாட்டம் இருக்கும். கைப்பிடியைத் திருப்பிச் சுற்றினால் மேசை அசையுமுன் சிறிது தூரம் வீணே சுழலும். அத்தகைய பொறியில் திசையோடு ஊட்டினால் வெட்டி மேசையைத் தன்பால் வெடுக்கென இழுத்துக்கொள்ளும். பல் உடையும், வேலை பாழாகும், சில வேளை விரலும் போகும். பழம் பொறிக்குப் பழைய முறையே தகும். சாரம் உடுத்துக்கொண்டு சுழலும் பொறியருகே நிற்பதும், கையுறையோடு வெட்டியை அணுகுவதும், இரும்புச் சீவலைக் கையால் தள்ளுவதும் கூடா. கையுறை காக்கும் என்று எண்ணுவது தவறு. அதன் நுனியைப் பற்றினால் சுழல்தண்டு கையையும் சேர்த்தே இழுக்கும்.

இவற்றையெல்லாம் எங்கே கற்பது? கல்லோயாத் திட்டக் காலத்திலே அம்பாறையில் தோன்றிய ஹாடி தொழில்நுட்ப நிறுவனம் போன்றவை பலரைப் பயிற்றின. 2013 முதல் க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவும் உண்டு. எனினும் கழற்றிப் பூட்டிக் கற்பதற்கு நிகரான கல்வி இல்லை. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) இளமையிலே ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உழைத்துப் பணஞ்சேர்த்து அதனை வாங்கி, ஓட்டி மகிழ்வதற்கு மாறாகத் துண்டு துண்டாய்க் கழற்றி மீண்டும் பூட்டிப் பார்த்தார் என்பர். அவரது தொழிற்கல்வியின் முதல் வகுப்பு அதுவே. பழைய பொறியொன்றைக் கொட்டகைக்குக் கொண்டுவருபவன் வாங்குவது இரும்பை மட்டுமன்று. அந்த வகுப்பையும் சேர்த்தே வாங்குகிறான்.

சொற்பஞ்சம் பற்றியும் ஒரு வார்த்தை. சுவாமி விபுலாநந்தர் 1892ஆம் ஆண்டில் காரைதீவிலே பிறந்தவர். அவரைத் தமிழ்ப் பேராசிரியராகவே நினைப்பவர்கள், கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று விஞ்ஞானத் தகைமை பெற்று, விஞ்ஞானம் கற்பித்தவர் அவர் என்பதை மறந்துவிடுகிறார்கள். வழக்கொழிந்த யாழை இலக்கியக் குறிப்புகளிலிருந்தும் கணிதத்திலிருந்தும் மீட்டு 1947ஆம் ஆண்டில் ‘யாழ்நூல்’ தந்தவர் அவரே. சென்னையிலே கலைச்சொல்லாக்கப் பணியிலும் முன்னின்றார். அவர் பிறந்த மண்ணிலே பட்டறைத் தொழிலாளியும் பாடநூலும் இன்னும் இரு மொழி பேசுகின்றனர். ‘முழங்கால்’, ‘சேணம்’ என்றால் பட்டறையில் எவருக்கும் விளங்காது. பட்டறையிற் பேசும் திரிந்த ஆங்கிலம் பாடநூலில் ஏறாது. இரண்டுக்கும் இடையே நிற்கும் மாணவனே அல்லற்படுகிறான். பொறியைச் செப்பனிடும்போதே உறுப்புகளின் பெயரைத் தமிழில் ஒரு சுவடியில் எழுதிவைக்கும் வழக்கம் பள்ளிப் பட்டறைகளிலாவது தோன்றுமாயின், பத்தாண்டில் ஓர் அகராதி தானே உருவாகும். அலுவலகத்தில் அமர்ந்து ஆக்கிய பட்டியலினும் அது வாழும்.

ஆசிரியர்களுக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லி முடிக்கலாம். பற்சில்லு வெட்டுவதற்குத் துருவல் பொறியோடு ‘பகுதலை’ என்னும் கருவியைப் பூட்டுவர். அதன் கைப்பிடியை நாற்பது முறை சுற்றினால் வேலை ஒரு முறை சுற்றும். ஆகவே இருபத்துநான்கு பல் வேண்டுமாயின், ஒவ்வொரு பல்லுக்கும் கைப்பிடி 40/24, அதாவது ஒன்றும் மூன்றிலிரண்டும் சுற்றவேண்டும். அந்த மூன்றிலிரண்டை அளப்பதற்கு வட்டம் வட்டமாய்த் துளையிட்ட தகடு உண்டு. பதினெட்டுத் துளை வட்டத்திற் பன்னிரண்டு இடைவெளி நகர்த்தினால் மூன்றிலிரண்டு. இடைவெளியை எண்ணாமல் துளையை எண்ணத் தொடங்குபவன் புறப்பட்ட துளையையும் சேர்த்து எண்ணிக் கடைசிப் பல்லில் வந்து முட்டிக்கொள்வான்.

ஏழு பகுதி வேண்டுமா? 40/7 என்பது ஐந்தும் ஏழிலைந்தும். இருபத்தொரு துளை வட்டத்தில் ஐந்து சுற்றும் பதினைந்து இடைவெளியும். ஐம்பத்தொரு பல் வேண்டுமாயின்? 40/51 சுருங்காது, வழக்கமான தகடுகளில் ஐம்பத்தொரு துளை வட்டம் இல்லை. ஆயினும் ஒரே தகட்டிலே பதினைந்து துளை வட்டமும் பதினேழு துளை வட்டமும் இருக்கின்றன. முன்னதிலே பத்து இடைவெளியும், பின்னதிலே இரண்டு இடைவெளியும் ஒரே திசையில் நகர்த்தும்படி கூறிவிட்டு, ஏன் என்று மாணவரைக் கேட்கலாம். கரும்பலகையில் 10/15, 2/17 என்னும் இரு பின்னங்களை எழுதிக் கூட்டச் சொன்னாற் போதும்.